பகவதியப்பனின் காதுக் கொம்பு

பகவதியப்பனின் இடது காதுமடலில் 2006ஆம் ஆண்டு சித்திரையில் ஒரு கொம்பு முளைத்தது. ஆடிக்குள் அது சுண்டுவிரல் நீளம் ஆயிற்று. பூதப்பாண்டிக்குத் தெற்கே, பாசனச் சானல் முடிகிற கடைசி ஊர் எங்களுடையது. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் எந்த நாள் வந்து சேரும் என்று திறந்துவிடுகிறவர்களுக்கே தெரியாது. ஆனால் அது வருவதற்குச் சரியாக மூன்று நாள் முன்னால் அந்தக் கொம்பின் நுனியில் நீர் சொட்டும். அவருடைய இடது தோள் நனைந்திருந்தால் ஊரார் விதைநெல்லை ஊறப்போடுவார்கள். நெல் முளைகட்டவும் தண்ணீர் வரவும் சரியாக இருக்கும். மூன்று வருடம் ஒரு நாற்றும் கருகவில்லை. டீக்கடையில் ராஜையன், "வானிலை ஆபீசுக்காரனுக்குச் சம்பளம், நம்ம அண்ணாச்சிக்கு ஒரு கட்டன்சாயா" என்பார். பகவதியப்பன் காதைத் தடவிக்கொண்டு சிரிப்பார். கொம்பைத்தான் பார்த்தோம் மக்கா, அது எதன்மேல் நிற்கிறது என்று பார்க்கவில்லை.

அவருடைய மனைவி வடிவாம்பாள் பார்த்தாள். ஒருநாள் அவர் தோள்துண்டில் இருந்தது தண்ணீர் அல்ல, ரத்தம். நாகர்கோவிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். தோல் டாக்டரம்மா கொம்பைத் தட்டிப் பார்த்தார். "இது நகம் மாதிரி, சும்மா. அடியில தடிச்சிருக்குல்லா, அதுதான் விஷயம். சிலருக்கு மருவா இருக்கும், சிலருக்குப் புத்துநோய். அடியோட எடுத்துப் பரிசோதிச்சாத்தான் தெரியும். வெயில்ல நிக்கிற வேலையா?" நாற்பது வருடம் தலைக்குத் துண்டும் காதுக்கு வெயிலுமாக வயலில் நின்றவர் அவர்.

மாசியில் அறுக்கிற கும்பப்பூ நெல்லின் விதைப்புக்கு முன் அறுவைக்கு நாள் குறித்தார்கள். ஊரார் நாங்கள் திரண்டு போனோம். "அண்ணாச்சி, இந்தக் கும்பப்பூ மட்டும் கழியட்டும்" என்றார் ராஜையன்.

"காது ஒமக்கா அவுகளுக்கா?" என்று வடிவாம்பாள் கேட்டாள்.

"ஒரு பூவுதானே ஏட்டி" என்றார் பகவதியப்பன்.

அது கழிந்து அடுத்த போகம், கன்னிப்பூ வந்தது. அதற்கும் கேட்டோம். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனபோது கழுத்தில் நெறி கட்டியிருந்தது. கொம்பை அடியோடு எடுத்தார்கள். அடியில் இருந்தது அதற்குமுன்பே கழுத்துக்கு இறங்கியிருந்தது. 2010 மாசியில், கும்பப்பூ அறுப்பு நடக்கும்போது பகவதியப்பன் இறந்தார்.

அந்த வைகாசியில், அன்று கேட்கப் போன பதினேழு பேருக்கும் இடது காதில் அரிசி அளவில் கொம்பு முளைத்தது. யாரும் ஆச்சரியப்படவில்லை, சொட்டுகிறதா என்று தொட்டுப் பார்க்கவும் இல்லை. மறுநாளே பஸ் ஏறினோம். எங்களுக்கு ஆஸ்பத்திரி வழி தெரியாது என்று வடிவாம்பாளும் கூடவே வந்தாள். எல்லோருக்கும் வெறும் மருதான், பயப்பட ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. டாக்டரம்மா ஒவ்வொரு பெயராக வாசித்துச் சொல்லும்வரை அவள் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.