வடக்கு ஜன்னலின் நீலம்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பிரிண்டர் வாங்கியது எந்த வருஷம், முதலில் வெளுத்தது ஜன்னல் துணியா சோபா உறையா என்பதிலெல்லாம் தெருவில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஆனால் அந்த மூன்றாம் மாடி வீட்டுக்குள் நிறம் என்று ஒன்று இல்லாமல் போனதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சோபா, கதவு, போர்வை, செருப்பு, குளிர்பெட்டியின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் பழங்கள் எல்லாம் பல்லின் நிறத்துக்கும் சாம்பலின் நிறத்துக்கும் நடுவில் எங்கேயோ நின்றன. கூடத்துச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த முப்பத்தொரு புகைப்படங்கள் மட்டும் கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் இருந்தன. உயர்தர அச்சு என்றால் என்ன என்பதற்கு அவற்றைக் காட்டலாம். வீடு என்றால் என்ன என்பதற்கு வேறு ஒன்றைத்தான் காட்ட வேண்டும்.

அங்கே குடியிருந்தவர் எடை அளவு அலுவலகத்தில் ஆய்வாளர். கடைத் தராசுகளையும் பெட்ரோல் பங்க் மீட்டர்களையும் சோதித்து முத்திரை குத்துவது அவர் வேலை. எதைக் கேட்டாலும் "பொறுங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்பார். பார்ப்பார், சொல்லமாட்டார். அதனால் அலுவலகத்திலும் தெருவிலும் அவருக்குப் 'பொறுங்க' என்றே பெயர் விழுந்துவிட்டது. மனைவியிடம் மட்டும் உரிமையோடு "பொறு" என்பார். அவள் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். டாக்டர்களின் கையெழுத்தையே படித்துவிடுகிறவளுக்குக் கணவனைப் படிப்பது பெரிய காரியமில்லை. அவர்களோடு அவளுடைய அப்பாவும் இருந்தார். ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் சிக்னல் பார்த்த மனிதர். சிவப்பென்றால் சிவப்பு, பச்சையென்றால் பச்சை. நடுவில் இருக்கும் எதையும் வாழ்நாளில் அவர் ஒப்புக்கொண்டதில்லை. அவருக்குத்தான் மறதி வந்தது.

டாக்டர் சொன்ன யோசனை எளிமையானது. குடும்பத்து முகங்களைப் பெரிதாக, தெளிவாக அச்சிட்டுச் சுவரில் மாட்டுங்கள், காலையில் எழுந்ததும் ஒவ்வொன்றாகக் காட்டுங்கள், ஆட்களை நினைவில் கொஞ்ச நாளாவது பிடித்து வைக்கலாம் என்றார். செல்போனில் காட்டியபோது மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கண்ணாடிக்குள்ள இருக்கிறவங்களோட எனக்குப் பழக்கமில்ல" என்றார். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் அச்சிட்டு வந்த படத்தில் அவருடைய மகனின் முகம் ஊதாவாக இருந்தது. "யாரு இந்தக் கத்தரிக்கா?" என்று கேட்டார். அன்றைக்கே அவள் கணவனிடம் சொன்னாள், வீட்டிலேயே ஒரு நல்ல பிரிண்டர் வாங்கிவிடலாம், விலையும் கட்டுப்படியாக வேண்டும், படமும் உயிரோடு வர வேண்டும். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "பொறு, பாத்துட்டுச் சொல்றேன்."

பதினோரு மாதம் பார்த்தார். கம்ப்யூட்டரில் ஓர் அட்டவணை போட்டார். மை டப்பாவில் வருவது நல்லதா, தொட்டியில் ஊற்றுவது நல்லதா, நான்கு நிறமா ஆறு நிறமா, ஒரு படத்துக்கு எத்தனை சொட்டு, தாளின் கனம் எவ்வளவு, பளபளப்பா மங்கலா என்று நாற்பத்தேழு பத்திகள் வந்தன. வாங்கியவர்கள் எழுதிய மதிப்புரைகளை எல்லாம் படித்தார். பெட்டி நன்றாக இருந்தது என்று ஐந்து நட்சத்திரம் கொடுத்த ஒருவரையும், கொண்டுவந்து கொடுத்தவன் சிரிக்கவில்லை என்று ஒரே நட்சத்திரத்தோடு நிறுத்திக்கொண்ட இன்னொருவரையும் சமமாக மதித்துக் குறித்துக்கொண்டார். அட்டவணையில் ஒரு பத்தி கூடக் கூட மாமனாரின் தலைக்குள் ஓர் ஆள் குறைந்துகொண்டே வந்தார். மையின் ஆயுள் என்ற பத்தி சேர்ந்த வாரம் கீழ்வீட்டுக்காரர் போனார். தாளின் கனம் முடிவதற்குள் மகனும் மருமகளும் போனார்கள். இரைச்சல் அளவு என்ற பத்திக்குள் நுழைந்தபோது, கிழவர் சாயங்காலமானால் சொந்த மகளையே அடையாளம் தெரியாமல் விழித்தார். "நீங்க தேடி முடிக்கிறதுக்குள்ள பிரிண்டர்னா என்னன்னே அவருக்கு மறந்துடும்" என்றாள் மனைவி. அதற்கும் அவர் பொறு என்றுதான் சொன்னார், ஆனால் அன்று அட்டவணையைத் திறக்கவில்லை. திறந்தால் யாராவது போய்விடுவார்களோ என்று அவருக்கே உள்ளூர ஒரு பயம் வந்திருந்தது.

கடைசியில் அவர் வாங்கிய பிரிண்டர் அந்த அட்டவணையிலேயே இல்லாதது. கடைக்காரன் ஒரு மூலையிலிருந்து அதை இழுத்து, மேலிருந்த தூசியை ஊதிவிட்டு, "கடைசி பீஸ் சார், பாதி விலை" என்றான்.

"மை எப்படி?"

"மை எங்கிருந்தாவது வந்துடும் சார். நீங்க ஏன் கவலைப்படறீங்க?"

பதினோரு மாத ஆராய்ச்சி ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. ஆராய்ச்சி செய்கிறவர்கள் பொதுவாக இப்படித்தான் வாங்குகிறார்கள்.

பெட்டியோடு வந்த மையில் நாலு படங்கள் அச்சாயின. நாலும் கச்சிதம். கிழவர் ஒவ்வொன்றையும் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். "நல்லா அடிச்சிருக்காங்க. இவங்கள்லாம் யாரு?" ஐந்தாவது படத்துக்கு மை தீர்ந்துவிட்டதாகப் பிரிண்டர் சிவப்பு விளக்கைக் காட்டியது. பொறுங்க அந்த மை டப்பாக்களைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி அலுவலகத்துக்கு எடுத்துப்போய், நகைக்கடைத் தராசுகளைச் சோதிக்கும் கருவியில் வைத்து எடை பார்த்தார். எத்தனை மில்லிகிராம் மை நிரப்பியிருக்க முடியும், எத்தனை நிரப்பினார்கள் என்று கண்டுபிடித்தார். ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அப்படியொரு அநியாயத்துக்குப் பிறகு புது டப்பா வாங்குவதில்லை என்று கொள்கை முடிவெடுத்தார். முத்திரை வைத்து ஒரு புகார்க் கடிதம் எழுதினார். காலி டப்பாக்களைப் பழையபடி பிரிண்டருக்குள்ளேயே மாட்டிவைத்தார். கொள்கை உள்ள மனிதர்கள் வேறென்ன செய்வார்கள்.

மறுநாள் காலை, பழக்க தோஷத்தில் டப்பாக்களை வீட்டுத் தராசில் வைத்தபோது, நீல டப்பா இரண்டு கிராம் கூடியிருந்தது. மூன்று முறை வைத்துப் பார்த்தார். கூடத்திலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"என்னங்க, ஜன்னல் துணி வெளுத்திருக்கே, வெயிலா?"

"வடக்கு ஜன்னல்ல ஏது வெயில்?"

"அதானே. அப்ப நீலமெல்லாம் எங்க போச்சு?"

அவர் டப்பாக்களைத் திரும்ப மாட்டினார். ஐந்தாவது படத்தை அச்சுக்குக் கொடுத்தார். கடற்கரையில் நிற்கும் மைத்துனனின் படம். கடல் அவர்கள் வீட்டு ஜன்னலின் நீலத்தில் இருந்தது. கிழவர் அதைக் கையில் வாங்கியதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "அடப்பாவி, தண்ணிக்குள்ள நிக்காதடான்னா கேக்கறானா பாரு" என்று மகனைத் திட்டினார். ஒன்பது மாதம் கழித்து மகன் அப்பாவிடம் திட்டு வாங்கினான். தொலைபேசியில் அதைக் கேட்டு அவன் அழுததாகவும் சொல்கிறார்கள். எனக்கு அது உறுதியாகத் தெரியாது.

அதன் பிறகு நடந்தது முழுக்க நிர்வாகம்தான். ஒரு படத்தின் பலன் நாற்பது நாள். அதற்குப் பிறகு புதிதாக அச்சிட வேண்டும். இரண்டு வருஷத்தில் சோபாவின் பச்சை, மெத்தை விரிப்பின் ரோஜாக்கள், சமையலறைக் கதவின் மஞ்சள், அடுப்பு நெருப்பின் நீலம் எல்லாம் வரிசையாக டப்பாக்களுக்குள் போயின. பொறுங்க தினமும் எடை பார்த்து நோட்டில் குறித்துவந்தார். மலிவான நிறத்தைக் கொடுத்துப் பிரிண்டரை ஏமாற்றலாம் என்று கண் கூசும் நிறத்தில் பிளாஸ்டிக் வாளிகள் நாலு வாங்கிவந்து பக்கத்தில் வைத்தார். அது வாளிகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அன்று காலை அவர்கள் உட்கார்ந்து காபி குடித்த நாற்காலியின் சிவப்பை எடுத்துக்கொண்டது. கீழ்வீட்டுக்காரி ஒருநாள் எட்டிப் பார்த்து, "வீட்டுக்கு வெள்ளை அடிச்சிட்டீங்களா? எந்தக் கம்பெனி பெயின்ட்?" என்று விசாரித்தாள். நன்றாக இருக்கிறது, தங்கள் வீட்டுக்கும் அதையே அடிக்கலாம் என்றாள். கிழவருக்கோ மருமகன் என்ற ஒருவர் இருப்பதே நினைவில் இல்லை. எப்போது பார்த்தாலும் பிரிண்டர் முன்னால் குனிந்திருக்கும் இவரை அவர் மெக்கானிக் தம்பி என்று அழைத்தார். சுவரில் பொறுங்க சம இடைவெளி அளந்து முப்பத்திரண்டு ஆணிகள் அடித்திருந்தார். கடைசி ஆணி அவருடைய படத்துக்கு. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்.

நடுவில் ஒரு சண்டை நடந்தது. "உங்க ஒரு கொள்கைக்காக வீட்டுல இருக்கிற சிவப்பையெல்லாம் தூக்கிக் குடுத்துட்டீங்களே" என்று கத்திவிட்டு, மனைவி தானே போய் அசல் மை டப்பாக்களை ஒரு செட் வாங்கிவந்து மாட்டினாள். படம் அருமையாக வந்தது. கிழவர் அதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நல்லா அடிச்சிருக்காங்க, இது யாரு என்றார். அவள் அந்த டப்பாக்களைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுப் பழைய காலி டப்பாக்களையே மாட்டினாள். பிறகு பீரோவைத் திறந்து, ஆசையாகக் கட்டாமலே வைத்திருந்த மாம்பழ நிறப் பட்டுப்புடவையைக் கொண்டுவந்து பிரிண்டரின் மேல் போர்த்திவிட்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் வந்து, வெள்ளையாகியிருந்த புடவையை மடித்து வைத்தாள். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் முக்கியமான விஷயங்கள் அப்படித்தான் முடிவாயின.

மூன்றாம் வருஷத் தொடக்கத்தில் நிறங்கள் தீர்ந்தன. சுவரில் நாற்பது நாள் முதலில் முடிந்தது மகளின் படத்துக்கு. அன்று காலை அவள் காபியைக் கொண்டுபோய் வைத்தபோது கிழவர் எழுந்து நிற்க முயன்றார். "நீங்க எதுக்கும்மா சிரமப்படறீங்க? நர்ஸா நீங்க? எங்க வீட்டுல யாருமில்லையா?" என்றார். பிறந்ததிலிருந்து அவளை அவர் வாடி போடி என்றே கூப்பிட்டவர். அந்த 'நீங்க' அவளை எங்கே குத்தியது என்று கேட்க யாரும் இல்லை. அவள் அன்று மருந்துக்கடைக்குப் போகவில்லை. கையைக் கழுவித் துடைத்து, பிரிண்டருக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, வலது கையை அதன் மூடியின் மேல் வைத்தாள். "எடுத்துக்கட்டும்" என்றாள்.

"பொறு" என்றார் அவர்.

"இன்னும் எதுக்குப் பொறுக்கணும்?"

"நீ வெளுத்துட்டா, படத்துல இருக்கிறது நீதான்னு உங்கப்பா எதை வெச்சு ஒத்துப் பாப்பார்?"

பொறு என்ற சொல்லால் அவர் வாழ்நாளில் உருப்படியாக நடந்த காரியம் அது ஒன்றுதான். அவள் கையை எடுத்துக்கொண்டாள். அவர் சட்டைக் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து, முதலில் தலையைக் குனிந்து காட்டினார். மாதம் தவறாமல் சாயம் பூசிவந்த தலை. பிரிண்டர் கொஞ்சம் முனகிவிட்டு, "அசல் மை அல்ல" என்று திரையில் எழுதிக் காட்டியது. மனைவி அத்தனை துக்கத்திலும் சிரித்துவிட்டாள். "எத்தனை தடவை சொன்னேன், வேணாம் விடுங்கன்னு." அவர் வெட்கத்தோடு இரண்டு கைகளையும் மூடியின் மேல் வைத்தார். பதினோரு மாதம் அவர் நினைவுக்கு வந்தது. இரைச்சல் அளவு என்ற பத்தியில் தான் கழித்த மூன்று வாரங்கள் நினைவுக்கு வந்தன. பிரிண்டரில் இரைச்சலே இல்லை. விரல் நகங்களுக்கடியில் இருந்த ரோஜா நிறம் முதலில் போனது, பிறகு உள்ளங்கை, பிறகு வெயிலில் அலைந்து பழுத்த முன்கை, காது மடல், உதடு, கழுத்து மச்சம். வலிக்கவில்லை என்று அவர் பின்னால் சொன்னார். மாலை வெயில் சுவரை விட்டு இறங்குவது போல இருந்ததாம். டப்பாக்களைக் கழற்றி எடை பார்த்தார். பதினோரு கிராம்.

படத்தில் அவள் வாசலில் சிவப்புக் குடை விரித்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். கிழவர் அதை வாங்கிப் பார்த்தார். படத்திலிருந்து தலையைத் தூக்கி மகளைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"ஏய், குடையை மடக்குடி முதல்ல. வீட்டுக்குள்ள வந்தும் விரிச்சு வெச்சுக்கிட்டு!"

அவள் கையில் குடை இல்லை. இருந்தாலும் மடக்கி, மூலையில் சாத்தி வைத்தாள்.

கிழவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, சாம்பல் நிறத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்த மனிதரைப் பரிவோடு பார்த்தார். "மெக்கானிக் தம்பி, ரொம்பக் களைச்சுப் போயிட்டீங்க. வேலை முடிஞ்சா வீட்டுக்குப் போங்க, தேடுவாங்க."

"அவருக்கு வீடே இதுதாம்பா" என்றாள் மகள்.

"அப்படியா? பாவம்" என்றார் கிழவர்.

அதன் பிறகு நடந்ததைச் சொல்ல அதிகமில்லை. அந்தப் படத்துக்கு நாற்பது நாள் கெடு பொருந்தவில்லை. கிழவர் பதினான்கு மாதம் இருந்தார். மற்ற எல்லோரும் ஒவ்வொருவராக அவரை விட்டுப் போனார்கள், மகளை மட்டும் கடைசி நாள் வரை வாடி என்றே கூப்பிட்டார். மை நிறுவனம் புகார்க் கடிதத்துக்கு நாலு வருஷம் கழித்து வருத்தம் தெரிவித்து, வேறு மாடலுக்கான டப்பா ஒன்றை இலவசமாக அனுப்பிவைத்தது. பிரிண்டர் அலமாரியின் மேல் இருக்கிறது, அதன்மேல் அந்த வெள்ளைப் பட்டுப்புடவையைப் போர்த்தியிருக்கிறார்கள். பொறுங்க கறுப்பு வெள்ளையாகவே அலுவலகம் போய்வந்தார். சக ஊழியர்கள் சார் மெலிஞ்சிட்டீங்களா என்று கேட்டதோடு சரி. இரண்டு வருஷத்தில் பதவி உயர்வும் கிடைத்தது. எந்தப் பிரிண்டர் வாங்கலாம் என்று அவரிடம் யோசனை கேட்க வருகிறவர்கள் இன்னும் உண்டு. அவர்களை அவர் பொறுக்கச் சொல்வதில்லை, எதையாவது இன்றைக்கே வாங்கிக்கொண்டு போங்கள் என்கிறார். மனைவி மருந்துக்கடையில்தான் இருக்கிறாள். தனக்கும் ஒருநாள் மறந்துபோகலாம், அப்போது தேவைப்படும் என்று, தெருமுனை ஜெராக்ஸ் கடையில் கணவரின் படம் ஒன்றை அச்சிட்டு வந்து முப்பத்திரண்டாவது ஆணியில் மாட்டினாள். கறுப்பு மை மட்டும் போதுமாக இருந்ததால் அது மலிவாகவே முடிந்தது, முகமும் அச்சு அசலாக வந்திருக்கிறது.