பதினொரு மணிப் படுக்கையறை

தாடிக்கொம்பு ரோட்டில் கருப்பணன் கட்டிய புது வீட்டின் படுக்கையறையில், பால் காய்ச்சிக் குடிபுகுந்த நாளிலிருந்து எப்போதும் பகல் பதினொரு மணி. சுவர்க் கடிகாரம் தன் பாட்டுக்கு ஓடியது, அறைதான் நகரவில்லை. ஊரெல்லாம் பாய் விரித்த பிறகும் அதற்குள் நுழைந்தவர்களுக்கு பேங்குக்குப் போகணும், ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்கணும் என்று கைகால் பரபரத்தது. விளக்கை அணைத்தும் பார்த்தார்கள். பதினொரு மணிக்குக் கரண்ட் போன மாதிரி இருந்ததே தவிர, ராத்திரி ஆகவில்லை.

எல்லாம் அங்கே மாட்டிய பல்பின் வேலை. அதைக் கடையில் எடுத்தது கருப்பணனின் மனைவி புவனேஸ்வரி. பெட்டியில் போட்டிருக்கும் நம்பரைப் பாருங்கக்கா, ஆறாயிரத்து ஐந்நூறு என்றால் வெள்ளை, மூவாயிரம் என்றால் மஞ்சள், படுக்கிற அறைக்கு மஞ்சள்தான் தோது என்று எலெக்ட்ரீஷியன் பாரூக் படித்துப் படித்துச் சொன்னார். அவள் கேட்கவில்லை. பால் காய்ச்ச வருகிற சொந்தம் நேரே பீரோவைப் பார்க்கப் படுக்கையறைக்குத்தான் போகும், மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்தால் லோ வோல்டேஜ் வீடு என்று எரியோடு ஊர் வரைக்கும் சொல்லிவிடும். ஆகவே அங்கே வெள்ளை. கடைக்காரர் இனாமாகக் கொடுத்த மஞ்சள் பல்பு, யாரும் எட்டிப் பார்க்காத அடுப்படிக்குப் போனது.

அடுப்படியில் எந்நேரமும் விளக்கு வைக்கிற நேரம் ஆகிப்போனது. எதிர்வீட்டு ஒச்சம்மாள் காலை எட்டு மணிக்கு, பாலுக்கு உறை ஊற்றக் கொஞ்சம் தயிர் கேட்டு வந்தாள். விளக்கு வைத்தபின் தயிர், உப்பு, ஊசி கொடுக்கிற வழக்கம் எந்த வீட்டில் உண்டு? புவனேஸ்வரி கையைப் பிசைந்துகொண்டு, விளக்கு வச்சாச்சே அத்தை என்றாள். ஒச்சம்மாள் வாசலில் அடித்த காலை வெயிலை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பினாள். புது வீடு கட்டியதும் புவனேஸ்வரிக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று தெரு பேசியது.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். புருஷன் படுகிற பாட்டைத்தான் தாங்க முடியவில்லை. பதினைந்து நாள் கண் மூடாத கருப்பணன், ஒருநாள் பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, வெளியூர் போகிறவர் மாதிரி வாரேன் என்று சொல்லிவிட்டு மாட்டுக்கொட்டத்துக்குக் குடிபோனார். அங்கே மாடு விடவில்லை. விட்ட தூக்கத்தை, பூ விற்கப் போன மார்க்கெட்டில் மல்லிகை மூட்டை மேல் பிடித்து, இரண்டு முறை பூவோடு சேர்ந்து ஏலம் போனார். எடை போட்டபோதுதான் ஆள் இருப்பது தெரிந்தது. கடைசியில் மொபெட்டோடு வாய்க்காலில் விழுந்து, முழங்கை தோல் உரிந்து வந்தார். அப்போதும் அவர் பல்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு இரண்டு சொல்லியிருக்கலாம். இந்த மனுசனை இழந்துவிடுவோமோ என்று நினைத்தபடி அவள் அம்மியில் மஞ்சளை அரைத்தாள்.

முழங்கையில் பத்துப் போட அதை எடுத்துக்கொண்டு கொட்டத்துக்குப் போனாள்.

“வெள்ளை வேணும்னு நின்னது நான்தேன். தப்பு எம்மேலதேன்.”

“மாடு கேட்டுருச்சு. அது போதும்,” என்றார் கருப்பணன்.

பாரூக் வந்து இரண்டு பல்பையும் இடம் மாற்றினார். அடுப்படிக்குப் பதினொரு மணி போனது. படுக்கையறைக்கு விளக்கு வைக்கிற நேரம் வந்தது. கருப்பணன் பாயோடு திரும்பிவந்து கண்ணை மூடினார். அந்நேரத்தில் தூங்கினால் வாசல் வரை வந்த லட்சுமி திரும்பிப் போய்விடுவாளே. புவனேஸ்வரியின் கை அவளைக் கேட்காமலேயே அவரைத் தட்டி எழுப்பியது. மூன்று நாள் எழுப்பியது. நாலாம் நாள் அவர் மறுபடி பாயைச் சுருட்டுவதைப் பார்த்ததும் அவள் பாரூக்குக்கு போன் போட்டு, மூவாயிரத்துக்கும் கீழே எதுவும் இல்லையா என்று கேட்டாள். இரண்டாயிரத்து இருநூறு இருக்கிறது, தேன் கலர் என்றார் அவர்.

“அது எத்தனை மணி வரும்?”

“ராத்திரி எட்டே முக்கால் நிக்கும்க்கா,” என்று வாரண்டி சொல்கிற குரலில் சொன்னார் பாரூக். அவளுக்கு ஒன்பதாக இருந்தால் தேவலை. ஸ்டாக் இல்லை என்றதும் எட்டே முக்காலையே மாட்டச் சொன்னாள்.

அடுப்படியில் இப்போது யாரும் தயிர் வாங்கலாம். வெள்ளிக்கிழமை மட்டும் பதினொரு மணி ராகுகாலத்தில் விழுவதால், ஒச்சம்மாள் வியாழனே வந்துவிடுகிறாள். போன வியாழன் கிண்ணத்தை நீட்டியபடி, உன் வீட்டுக்காரர் எங்கே, ஆளையே காணோம் என்று சத்தமாகக் கேட்டாள்.

“உள்ள எட்டே முக்கால் ஆச்சு அத்தை. அசந்து தூங்குறாரு.”

ஒச்சம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்து, சத்தம் கேட்காமல், சுடுகிற வெயிலில் தெருவைத் தாண்டிப் போனாள்.