ஆல்டன்ஷா பார்க்கின் அடைப்பு நாள்

எங்கள் ஆல்டன்ஷா பார்க்கில் பார்க் கிடையாது. இருப்பவை இருபத்தாறு பெரிய வீடுகள், ஒரு தெரு, தெருமுனையில் ஓர் இரும்புக் கேட். அந்தக் கேட்டை ஒட்டிய சின்ன வீடு என்னுடையது. ஒரு காலத்தில் காவல்காரர் குடியிருந்த வீடு. நான் வந்து முப்பத்தோரு வருடம் ஆகிறது. இன்னமும் என்னை 'புதுசா வந்திருக்கிற ஹெஸ்டர்' என்றுதான் சொல்கிறார்கள்.

இந்தத் தெருவை உண்டாக்கியவர் ஜோசையா பிக்கர்ஸ்டாஃப் என்ற பஞ்சாலை முதலாளி. மான்செஸ்டரின் புகையில் பாதி அவருடைய புகைபோக்கியிலிருந்து வந்ததுதான். ஊரை இருமவைத்துவிட்டு, தான் இருமாமல் இருக்கக் காற்றடிக்கும் திசை பார்த்து நகரத்துக்குத் தெற்கே இடம் வாங்கினார். அவரைப் போலவே புகைவிட்ட நண்பர்கள் பின்னாலேயே வந்து சேர்ந்தார்கள். வீட்டுப் பத்திரத்தில் நிபந்தனைகள் எழுதிவைத்தார்: பன்றி வளர்க்கக் கூடாது, சோப்பு காய்ச்சக் கூடாது, தெருவில் போகிறவர் கண்ணில் படும்படி துணி உலர்த்தக் கூடாது. நானும் கையெழுத்துப் போட்டுத்தான் வீட்டை வாங்கினேன். இதுநாள்வரை ஒரு கட்டி சோப்புகூடக் காய்ச்சவில்லை. துணி விஷயத்தை மட்டும் கேட்காதீர்கள்.

அதற்குப் பிறகு எங்கள் சரித்திரம் முழுக்க எதிர்ப்புதான். டிராமை எதிர்த்தோம், வந்தது. தெருவிளக்கை எதிர்த்தோம், எரிந்தது. தெருமுனையில் பொரித்த மீன் கடை வரக் கூடாது என்று நூறு கையெழுத்து வாங்கினோம். கடை திறந்த முதல் வெள்ளிக்கிழமை, வரிசையில் முதலில் நின்றதும் நாங்கள்தான்.

ஒன்றே ஒன்று மட்டும் எங்கள் கையை விட்டுப் போகவில்லை. தெரு எங்களுக்குச் சொந்தம். வருடம் முழுக்க யார் வேண்டுமானாலும் போகலாம், வரலாம். அக்டோபர் முதல் திங்கட்கிழமை மட்டும் காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை கேட்டைச் சாத்திவிடுவோம். மற்ற நாட்களில் போகிறவர்கள் எங்கள் அனுமதியில் போகிறார்கள் என்பதற்கு அந்த ஒரு நாள் சாட்சி. சாத்தாமல் விட்டால் நாளடைவில் அது பொதுவழி ஆகிவிடும்.

இந்த வருடம் அதற்கு ஆபத்து வந்தது. தெருவின் கடைசியிலிருந்த டென்னிஸ் மைதானத்தை ஒரு கட்டட முதலாளி வாங்கினார். எண்பது குடியிருப்புகள் கட்டப் போகிறாராம். லாரி போக எங்கள் தெரு வேண்டும். "அடைப்பு நாள் வெறும் நாடகம். யார் வந்தாலும் கேட்டைத் திறந்துவிடுகிறார்கள். இது பொதுவழிதான்" என்று மாநகராட்சிக்கு எழுதிப் போட்டார். மாநகராட்சி ஒப்புக்கொண்டால் தெருமுனையை அகலப்படுத்துவார்கள். என் முன் தோட்டம் போய்விடும். தோட்டத்திலிருக்கும் பேரிக்காய் மரமும் போய்விடும். அளக்க வந்தவர்கள் மரத்தின் மேலேயே சிவப்புச் சாயத்தில் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். அன்று நான் சாப்பிடவில்லை.

இதில் வேதனை என்னவென்றால், அந்த ஆள் சொன்னது உண்மை. முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்வது எங்கள் ரத்தத்திலேயே இல்லை. போன வருடம் காவல் நின்றவர் எங்கள் தெருச் சங்கத் தலைவர் கிளைவ் ஓலரென்ஷா. பாதிரியாருக்குத் திறந்தார். தபால்காரருக்குத் திறந்தார். நாயைத் தேடிவந்த ஒரு பெண்மணிக்குத் திறந்தார். பிறகு நாய்க்கும் திறந்தார்.

இந்த முறை என்னை நிறுத்தினார்கள். "உங்க மரம், உங்க பொறுப்பு" என்றார் கிளைவ். "ஒரு ஈ, எறும்பு உள்ள வரக் கூடாது ஹெஸ்டர். நானே வந்து கெஞ்சினாலும் திறக்காதீங்க."

"நீங்க கெஞ்சினா சந்தோஷமாவே திறக்க மாட்டேன் கிளைவ்" என்றேன்.

திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து மழை. ஆறு மணிக்குக் கேட்டைச் சாத்திப் பூட்டினேன். நிமிர்ந்து பார்த்தால் கேட்டுக்கு வெளியே ஒரு சின்ன கார். உள்ளே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், மடியில் கேமரா, கையில் நோட்டுப் புத்தகம். கட்டட முதலாளி அனுப்பிய வேவுக்காரர். கண்ணாடியை இறக்கி, "குட் மார்னிங் மேடம். என் பேர் டாட்டர்சால். கோவிச்சுக்காதீங்க, வேலை" என்றார்.

பாதிரியார் வந்தார். "ரெண்டு நிமிஷம்தான் ஹெஸ்டர், போயிட்டு வந்துடவா?" என்றார். நாலு தடவை மன்னிப்புக் கேட்டுத் திருப்பி அனுப்பினேன். தபால்காரரிடம் ஆறு தடவை கேட்டேன். மதியத்துக்குள் நான் கேட்ட மன்னிப்பு ஓர் ஆயுளுக்குப் போதும். ஆனால் பூட்டு பூட்டியபடியே இருந்தது.

தப்பு வேறு பக்கத்திலிருந்து வந்தது. காலை எட்டு மணிக்கு டாட்டர்சால் காருக்குள் கையைத் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். எதிரியாக இருந்தாலும் குளிரில் ஒருவர் உட்கார்ந்திருக்க, நான் மட்டும் டீ குடிக்க முடியுமா? கம்பிக்கு நடுவே ஒரு கோப்பை நீட்டினேன். பத்து மணிக்கு இன்னொன்று. பன்னிரண்டுக்கு இஞ்சி பிஸ்கட்டோடு மூன்றாவது.

இரண்டு மணிக்கு அவர் காரை விட்டு இறங்கினார். நடை கொஞ்சம் ஒரு மாதிரியாக இருந்தது.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டு பாத்ரூம்..."

என் வீட்டு வாசல் கேட்டுக்கு உள்ளே இருக்கிறது. மரத்தைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். மூன்று கோப்பையும் நான் ஊற்றியது. எந்த நாட்டுச் சட்டம் சொன்னாலும், ஒரு மனிதருக்கு மூன்று கோப்பை டீ கொடுத்துவிட்டு வாசலைச் சாத்துவது பாவம். பூட்டைத் திறந்தேன். திறந்த பிறகும் அவர் அப்படியே நின்றார்.

"உள்ள வரலாமா மேடம்?"

"அட, வாங்க! ஓடுங்க!"

எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று திறந்தது. "ஹெஸ்டர்! என்ன காரியம் பண்ணிட்டீங்க!" என்று கிளைவ் அலறினார். டாட்டர்சால் திரும்பி வரும்போது முகத்தில் நிம்மதி தெரிந்தது. வெளியே போனதும் திறந்திருந்த கேட்டைப் படம் எடுத்துக்கொண்டார். "ரொம்ப நன்றி. மன்னிச்சுடுங்க, வேலைன்னா வேலைதான்" என்றார். கேட்டை மறுபடி பூட்டிவிட்டுச் சமையலறைக்குப் போய் அழுதேன். அறுபது வயதில் ஒரு மரத்துக்காக அழுவேன் என்று நினைத்ததில்லை.

நாலு மணிக்கு மாநகராட்சி அதிகாரி பர்வீன் அக்தர் நேரில் விசாரிக்கக் குடையோடு வந்தார். கிளைவ் என் பக்கத்தில் வந்து, வீட்டில் இழவு விழுந்தது போல நின்றார். டாட்டர்சால் கேமராவைக் காட்டினார்.

"நீங்களே உள்ள போனீங்களா?" என்றார் அதிகாரி.

"ஆமாங்க."

"கேட் திறந்து கிடந்துச்சா?"

"இல்ல, பூட்டியிருந்துச்சு. இவங்கதான் திறந்தாங்க."

"திறந்ததும் நேரா போயிட்டீங்களா?"

"அதெப்படிங்க போறது? உள்ள வரலாமான்னு கேட்டேன். வாங்கன்னாங்க."

"மத்தவங்க?"

அவர் நோட்டைப் புரட்டினார். "பதினோரு பேர் வந்தாங்க. எல்லாரும் போகலாமான்னு கேட்டாங்க. முடியாதுன்னுட்டாங்க."

பர்வீன் அக்தர் பேனாவை மூடினார். "பொதுவழில நடக்கிறவங்க யார்கிட்டயும் கேட்டுட்டு நடக்க மாட்டாங்க. இங்க பன்னெண்டு பேர் வந்து பன்னெண்டு பேரும் கேட்டிருக்காங்க. இதைவிட நல்ல சாட்சி கிடையாது. இது தனியார் தெருதான். எழுதிக் கொடுத்துடறேன்."

கிளைவ் என்னைக் கட்டிக்கொண்டார். முப்பத்தோரு வருடத்தில் முதல் முறை. "நம்ம ஹெஸ்டர்!" என்றார். "பாத்தீங்களா? நம்ம ஊர் மரியாதை நம்மளைக் காப்பாத்திடுச்சு!"

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. டாட்டர்சால் கிளம்பும்போது ஒரு பை நிறையப் பேரிக்காய் கொடுத்து, "கேட்டைத் திறந்துதானே விட்டேன்? அந்த அவசரத்துலயும் ஏன் நின்னு கேட்டீங்க?" என்றேன்.

"எங்கம்மா இங்க ஏழாம் நம்பர் வீட்ல பதினோரு வருஷம் தரை துடைச்சாங்க மேடம். லீவு நாள்ல நானும் கூட வருவேன். உங்க வீட்ல அப்ப ஒரு காவல்காரர் இருந்தாரு. தினம் காலைல அம்மா அவர்கிட்ட நின்னு கேட்டுட்டுத்தான் உள்ள வரணும். 'இந்த கேட்டுல மட்டும் கேக்காம கால் வச்சிடாதடா'ன்னு சொல்லிச் சொல்லியே வளத்தாங்க. உடம்புல ஊறிப்போச்சு."

வெட்கமாகிவிட்டது எனக்கு. நாங்கள் எங்கள் மரியாதையை மெச்சிக்கொண்டிருந்தோம். மரம் பிழைத்தது அந்த அம்மாவின் பயத்தால்.

"அம்மாவை ஒரு நாள் கூட்டிட்டு வாங்க. பழம் பறிச்சுக்கட்டும். யாரையும் கேக்க வேண்டாம்" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டிவந்தார். எண்பது வயது, கைத்தடி, சிவப்புக் கோட்டு. கேட் வழக்கம்போல் விரியத் திறந்திருந்தது. டாட்டர்சால் பழக்கதோஷத்தில் வாசலிலேயே நின்று, "உள்ள வரலாமா மேடம்?" என்றார். அந்த அம்மாள் நிற்கவில்லை. கைத்தடியை ஊன்றி நேரே உள்ளே நடந்தார். தெருவில் நின்றிருந்த கிளைவ் தன்னையறியாமல், "ஒரு நிமிஷம், நீங்க..." என்று ஆரம்பித்தார்.

"பதினோரு வருஷம் கேட்டாச்சுப்பா" என்றார் அந்த அம்மாள், அவரைத் திரும்பியும் பார்க்காமல்.

கிளைவ் தொப்பியைக் கழற்றினார். அந்த அம்மாள் சிவப்புக் கோடு போட்ட மரத்தடிக்குப் போய், என்னைக் கேட்காமலே ஒரு பழத்தைப் பறித்துக் கடித்தார். சற்று நேரம் மென்றார்.

"இன்னும் ஒரு வாரம் மரத்துலயே விட்டிருக்கலாம்" என்றார்.