நானே போய்ப் பார்த்த ஓட்டல்

மேல்மாடியில் துளைபோடும் மெஷின் மறுபடி உறுமத் தொடங்கியதும் அச்சுக்காரர் கட்டில் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். அறை அவருக்கு மட்டும் ராட்டினமாகச் சுற்றியது. அவர் மனைவி குப்பைக்கூடையை அவசரமாக அவர் முகத்துக்குக் கீழே நீட்டினாள். காலையில் பாடுபட்டு ஊட்டிய கஞ்சி மொத்தமும் அதில் வந்து விழுந்தது.

வருஷக்கணக்காக அச்சகத்து இரைச்சலில் நின்றவர். ஒரு காது போய், தலைசுற்றல் வந்து, கடைசியில் கடல் தாண்டி வந்து காதுக்குள் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார். தையல் பிரிக்கும்வரை விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "மருந்துகூட ஒரு வேளை தவறலாம்மா. சத்தம் மட்டும் ஆகாது. அமைதியான எடமா பாத்து வச்சுக்குங்க."

அந்த அமைதியான இடத்தைப் பிடித்துக் கொடுத்தவன் அச்சுக்காரரின் தம்பி. இதே ஊரில் பெரிய வேலையில் இருப்பவன். தன் வீட்டில் மாமனார் மாமியார் வந்து தங்கியிருப்பதால் இடமில்லை என்று சொல்லிவிட்டு, "கவலையே படாதீங்க அண்ணி. ஊசி விழுந்தா கேக்கும், அப்படி ஒரு ஓட்டல். நானே போய்ப் பாத்தேன்" என்றிருந்தான்.

ஊசி எங்கே விழ? செங்கல் விழுந்துகொண்டிருந்தது.

அவள் கணக்கு டீச்சர். குரலுக்குப் பேர்போனவள். புகுந்த வீட்டில் அவளுக்கு 'மில் சங்கு' என்றே பட்டப்பெயர். அப்படிப்பட்டவள் இப்போது ஆத்திரத்தையெல்லாம் கிசுகிசுப்பாகவே கொட்ட வேண்டியிருந்தது. குரல் கொஞ்சம் உயர்ந்தாலும் அவருக்குக் கண் சொருகிவிடும்.

"உங்க தம்பிக்கு மூளை இருக்கா?"

"பரவாயில்ல விடு. மத்தியானம் நிறுத்திடுவாங்க."

"மத்தியானத்துக்குள்ள உங்க குடலே வெளிய வந்துடும். வேற எடம் பாக்கலாம்."

"வேணாம். அவன் மனசு கஷ்டப்படும்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து இந்தப் 'பரவாயில்ல'யோடுதான் குடித்தனம். சம்பளத்தைப் பிடித்தாலும் பரவாயில்லை, வரிசையில் எவனாவது முன்னால் புகுந்தாலும் பரவாயில்லை. அவர் விட்டுக்கொடுத்ததற்கெல்லாம் சண்டை போட்டுச் சண்டை போட்டே தனக்குச் சங்கு என்ற பேர் வந்தது என்று அவளுக்குச் சுருக்கென்றது. அவருக்குத் தங்கமான மனுஷர் என்று பேர்.

அவருடைய நல்ல காதில் பஞ்சு வைத்து, தலையணையால் அண்டக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினாள். வரவேற்பு மேஜையில் இருந்த பெண்ணிடம் தன் அரைகுறை ஆங்கிலத்தில் வெடித்தாள்.

அந்தப் பெண் பதறவே இல்லை. "மேடம், மேல வேலை நடக்குதுன்னு ரூம் எடுத்தவர்கிட்ட போன்லயே சொன்னோமே. 'பரவாயில்ல, அவங்க ஊர் சுத்திப் பாக்க வந்தவங்க, பகல்ல ரூம்லயே இருக்க மாட்டாங்க'ன்னு சொன்னாரு."

"போன்லயா? நேர்ல வரலயா?"

"இல்ல மேடம். யாரும் வந்து பாக்கல."

அவளுக்குக் காது மடல் சூடேறியது. ஏமாந்திருந்தால் மன்னித்துவிடலாம். இவன் தெரிந்தே செய்திருக்கிறான். ஒரு போனில் வேலையை முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு போயிருக்கிறான்.

விறுவிறுவென்று தெருவில் இறங்கினாள். அடுத்த ஓட்டலில் "ரொம்ப அமைதி" என்றார்கள். அவள் நம்பவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் கண்ணை மூடி உட்கார்ந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் லிப்ட் ஏறி இறங்கிக் கடகடத்தது. இன்னொன்றில் ஜன்னலுக்குக் கீழேயே பள்ளிக்கூட மைதானம். அந்தக் கூச்சல் அவளுக்குச் சோறு போடுகிற கூச்சல்தான். இருந்தாலும் எரிச்சலோடு வெளியே வந்தாள். அதற்கடுத்த இடத்து மேனேஜர், "இவ்வளவு பாத்தா காட்டுலதான் போய்த் தங்கணும்" என்று சிரித்தான். "உங்க அப்பா காதை அறுத்துத் தச்சிருந்தா நீங்க சிரிப்பீங்களா?" என்று கேட்டாள். அவன் சிரிப்பு அப்படியே நின்றது.

முட்டுச்சந்து ஒன்றின் கடைசியில் பழைய வீடு போன்ற ஒரு விடுதி. முதலாளியம்மா சிடுமூஞ்சி. வாங்க என்றுகூடச் சொல்லவில்லை, சாவியைத் தூக்கிப் போட்டாள். பின்கட்டு அறையில் பழைய கம்பளி வாசம். ஜன்னலைத் திறந்தால் ஒரு மொட்டைச் சுவர். கண்ணை மூடி உட்கார்ந்தாள். தன் மூச்சுதான் கேட்டது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு எழுந்தாள்.

அறையைப் பேசி முடித்துவிட்டுப் பழைய ஓட்டலுக்குத் திரும்பி, அவரைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்தபோது வாசலில், கூப்பிட்டிருந்த டாக்சிக்குப் பதில் தம்பியின் கார் வந்து நின்றது. ஆப்பிள் பையோடு இறங்கினான்.

"என்ன அண்ணி, பெட்டியெல்லாம்? சொல்லியிருந்தா நான் பேசியிருப்பேன்ல?"

"பேசினது போதும். ஊர் சுத்த வந்தவங்களா நாங்க?"

அவன் முகம் சுண்டிப்போனது. "அது... ஏதோ ஒரு பேச்சுக்கு... எனக்கும் ஆபீஸ்ல ஆயிரம் வேலை அண்ணி. ரோட்ல வச்சுக் கத்தாதீங்க, எல்லாரும் பாக்குறாங்க."

அவள் கத்தவே இல்லை. கத்தப்போனாள். அதற்குள் அச்சுக்காரர் அவள் தோளை அழுத்தினார். வழக்கம்போல் சமாதானம் பேசப்போகிறார் என்று அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"டேய்," என்றார் அவர். "நீ இந்த ரூமப் பாத்தியா, இல்லையா?"

தம்பி காரைப் பார்த்தான்.

"பாக்கல. அப்பறம் எதுக்குடா பாத்தேன்னு சொன்ன? முடியாதுன்னு சொல்லியிருந்தா நாங்களே பாத்திருப்போமே." அவருக்கு மூச்சு வாங்கியது. "பெட்டிய எடுத்து வை. கார்ல ஒரு வார்த்தை பேசாத."

தம்பி பெட்டியை எடுத்து வைத்துக் காரை ஓட்டினான். விடுதி வாசலில் பெட்டியை இறக்கினான். ஆப்பிளை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

பின்கட்டு அறையில் அவர் படுத்ததும் தூங்கிப்போனார். அவள் நாற்காலியில் விறைத்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. மடியில் போன் அதிர்ந்தது. ஓரகத்தி, தம்பியின் மனைவி.

"அக்கா, என்ன ஆச்சு? அவர் வந்து ஒண்ணும் பேசாம உக்காந்திருக்காரு. துருவிக் கேட்டப்பறம்தான் மாமாவுக்கு ஆபரேஷன்னாரு! எங்கிட்ட சும்மா செக்கப்னுதான் சொன்னாரு. உங்களுக்கு ஓட்டல்தான் வசதின்னாரு. தெரிஞ்சிருந்தா எங்கப்பா அம்மாவ அண்ணன் வீட்டுக்கு அனுப்பிட்டு உங்கள இங்க கூட்டிட்டு வந்திருப்பேனே. இப்பவே வாங்கக்கா."

டீச்சர் கட்டிலைப் பார்த்தாள். கட்டுப் போட்ட காது மேல்பக்கமாகத் தெரிந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

"வேணாம்மா," என்றாள், உதடு மட்டும் அசைகிற குரலில். "உன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அவர் ஏன் உங்கிட்ட மறைச்சாருன்னு நீயே கேளு. நல்லா சத்தமாக் கேளு."

போனை அணைத்துவிட்டு, குப்பைக்கூடையைக் கட்டிலுக்குப் பக்கத்தில், அவருக்குக் கை எட்டுகிற தூரத்தில் வைத்தாள்.