உடனே வந்த பதில்

தேனாம்பேட்டையில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகம். அங்கே க்ளெய்ம் பிரிவில் வேலை பார்க்கும் ஜொவிட்டா, நாற்காலியில் உட்காரும் முன்பே போனைக் கையில் எடுத்துவிடுவாள். வாட்ஸ்அப் குழுவுக்குக் காலை வணக்கம், மேனேஜர் ராஜநாயகத்துக்கு ஒரு 'ஓகே சார்', பிறகு மின்னஞ்சல்களுக்கு வரிசையாகப் பதில். அவளைப் போல வேகமாகப் பதில் போட ஆளில்லை என்று அலுவலகத்தில் பெயர். ஆனால் சாயங்காலம் கிளம்பும்போது பாதி வேலை அப்படியே கிடக்கும். நாள் முழுக்கத் தலை நிமிரவில்லையே, நேரமெல்லாம் எங்கே போகிறது என்பது அவளுக்கே விளங்கவில்லை.

ஒரு புதன்கிழமை பிற்பகல், மேஜையிலிருந்த தொலைபேசி அடித்தது.

"மேடம், கே.கே. நகர்லேர்ந்து கரீமுல்லா பேசறேன். எங்கம்மா ஆபரேஷன் க்ளெய்முக்காக காலைலேர்ந்து மெயில் போட்டுக்கினே கீறேன்."

"பாத்துக்கிட்டுதாங்க இருக்கோம். உங்களுக்குப் பதில் அனுப்பினேனே."

"அனுப்புனீங்க மேடம். ஒவ்வொரு தபாவும் ஒடனே வந்துச்சு. அதான் கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இவ்ளோ சீக்கிரம் பதில் போடறீங்களே, ஃபைல தொறந்தீங்களா?"

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். அவர் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அன்று சாயங்காலம் நந்தனத்தில் தன் தங்கை வஜீஹாவுக்குப் பட்டமளிப்பு விழா என்றார். குடும்பத்தில் முதல் பட்டதாரி. அம்மா வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார். க்ளெய்ம் அனுமதி வராததால் ஆஸ்பத்திரி விடவில்லை.

"இல்லங்க," என்றாள் ஜொவிட்டா. "இன்னும் தொறக்கல. இப்பவே பாக்கறேன்."

நிறைய பக்கங்கள் இருந்ததால்தான் அதைத் தள்ளி வைத்திருந்தாள். படித்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருந்தது. அனுமதி கொடுக்க, அவருக்கு அனுப்பிய பதில்களை எழுதிய நேரம்கூட ஆகவில்லை. இது என்ன விந்தை என்று யோசித்தாள். ஒவ்வொரு முறை 'பார்க்கிறோம்' என்று எழுதியபோதும், வேலையில் கொஞ்சம் முடிந்துவிட்டது போல மனம் நிம்மதியாகியிருக்கிறது. உண்மையில் எதுவுமே நடக்கவில்லை.

மறுநாள் அவளே கரீமுல்லாவை அழைத்தாள்.

"விழாவுக்குப் போயிட்டீங்களா?"

"பில்லெல்லாம் முடிச்சிக்கினு போறதுக்குள்ள லேட்டாயிடுச்சி மேடம். தங்கச்சி கவுனு போட்டுக்கினு காலேஜ் கேட்டாண்டயே நின்னுனு இருந்துச்சு. அம்மா அங்கதான் பாத்தாங்க. மேடையில பேரு கூப்டறப்ப பாக்கணும்னு ஆசப்பட்டாங்க. இன்னா பண்றது."

அவர் குறைசொல்லவில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது.

வெள்ளிக்கிழமை காலை போனைச் சத்தமில்லாமல் செய்து கைப்பைக்குள் போட்டாள். இருப்பதிலேயே பெரிய ஃபைலைத் திறந்தாள். யாராவது கத்துவார்களா, ஏதாவது நின்றுபோகுமா என்று உள்ளுக்குள் ஒரு ஆர்வம் குறுகுறுத்துக்கொண்டே இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. குழுவில் யாரோ கேட்டதற்கு வேறு யாரோ பதில் சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்துக்குள் வழக்கமாக நாள் முழுக்க இழுக்கும் வேலை முடிந்திருந்தது.

ராஜநாயகம் அவள் இடத்துக்கே வந்தார்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா? காலைலேர்ந்து குரூப்ல ஆளையே காணோம்."

"நல்லாத்தான் சார் இருக்கேன். இன்னிக்கு வந்த க்ளெய்ம் எல்லாம் முடிச்சிட்டேன்."

அவர் நம்பாமல் குனிந்து திரையைப் பார்த்தார். "எப்படிம்மா? முதல்ல எதை எடுத்தே?"

"எதைப் பாத்தா தள்ளிப்போடத் தோணுச்சோ, அதை. இனிமே மெயில், மெசேஜ் எல்லாம் நடுவுல நேரம் ஒதுக்கிப் பாக்கறேன் சார். அவசரம்னா கூப்பிடுங்க."

"உடனே பதில் போடலன்னா வேலை செய்யலன்னு நெனப்பாங்களே."

"பதில் போட்டா வேலை செஞ்ச மாதிரிதான் சார் இருக்கு, ஆனா வேலை அப்படியே கிடக்குது. என் நேரத்தைத்தான் வீணாக்கறேன்னு நெனச்சிட்டிருந்தேன். அது என்னை நம்பி எங்கேயோ காத்துக்கிட்டிருக்கறவங்களோட நேரம் சார்."