பன்னிரண்டாவது மேசை

பன்னிரண்டாவது மேசையில் ஒரு காலரை மூன்று முறை தேய்க்க வேண்டும். மற்ற மேசைகளில் இரண்டு முறை போதும். ஜெயப்ரியா மூன்று முறை தேய்த்தும் சுருக்கம் போகாமல் நான்காவது முறையும் அழுத்தினாள். தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது.

சிட்லபாக்கம் ஏரிக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சட்டை யூனிட்டில் ஒரு ஆள் ஒரு நாளைக்கு இருநூற்று நாற்பது சட்டை தேய்க்க வேண்டும். சேர்ந்து இருபது நாளாகியும் ஜெயப்ரியா நூற்று எழுபத்தெட்டைத் தாண்டவில்லை. சூப்பர்வைசர் குமரேசன் அன்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

"இன்னைக்கும் இதே கததான்னா நாளைக்கு வராத. அயன்பாக்ஸ ரெண்டு தபா மாத்திக் குட்த்தாச்சு. இன்னும் இன்னா கொற கீது?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அயன்பாக்ஸை இரண்டு முறை மாற்றியிருந்தார். அதற்கு முன்பு அந்த மேசையில் ஆளையே மூன்று முறை மாற்றியிருந்தார். மேசையின் மேல்தான் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

ஜெயப்ரியா கெஞ்சிக் கேட்டதால் எலக்ட்ரீஷியன் ஃபிரெடியை வரவழைத்தார். ஃபிரெடி எப்போதும் சாப்பாட்டு நேரத்தில்தான் வருவார். வேலை ஓடும்போது யாரும் லைனில் கை வைக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். ஒரு மணிக்கு எல்லா அயன்பாக்ஸும் அணைந்திருக்க, முதல் மேசையிலும் பன்னிரண்டாவது மேசையிலும் மீட்டரை வைத்துப் பார்த்தார். இரண்டிலும் இருநூற்று இருபத்தெட்டு வோல்ட்.

"கரண்ட்டு ஃபுல்லா வருது சார். கம்ப்ளைண்ட் ஒண்ணும் இல்ல."

ஜெயப்ரியா புளிசாத டப்பாவை மூடி வைத்தாள். "அண்ணா, இப்ப எதுவுமே ஓடல. எல்லாம் ஓடறப்ப பாருங்கண்ணா."

"நீ இன்னா எலக்ட்ரீசியனா?" என்றார் குமரேசன்.

"ஆமா சார். ஐடிஐல ரெண்டு வருசம் அதான் படிச்சேன். ஏணி ஏறற வேலைக்குப் பொம்பள வேணாம்னுட்டாங்க. அதான் இங்க நிக்கிறேன்."

ஃபிரெடி அவளைத் திரும்பிப் பார்த்தார். "இருக்கட்டும் சார். சிஸ்டர் சொல்றதுல நாயம் கீது. பத்து நிமிசம் நான் வெயிட் பண்றேன்."

மணி அடித்தது. தையல் மெஷின்கள் ஓடின, ஃபேன்கள் சுழன்றன, பன்னிரண்டு அயன்பாக்ஸும் சூடேறின. ஃபிரெடி சுவிட்ச் பாக்ஸைத் திறந்து ஒற்றை ஒயரை மட்டும், ஓடும் கரண்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரின் வாய்க்குள் விட்டார். முதல் மேசையில் 228 வோல்ட், 4.3 ஆம்பியர். பன்னிரண்டாவதில் 196 வோல்ட், 3.7 ஆம்பியர். அவர் இன்னொரு முறை வைத்துப் பார்த்தார். அதேதான் வந்தது.

ஜெயப்ரியா அட்டைப்பெட்டி மூடியில் தையல் சாக்பீஸால் எழுதினாள்.

"வோல்ட்ட ஆம்பியரால வகுத்தா உள்ள இருக்கற காயிலோட தடை வரும் சார். அங்க அம்பத்து மூணு ஓம். இங்கயும் அம்பத்து மூணு. அப்ப அயன்பாக்ஸ் ரெண்டும் ஒண்ணுதான், அது மேல தப்பு இல்ல. இப்ப வகுக்காம பெருக்குங்க. அங்க தொள்ளாயிரத்து எம்பது வாட். இங்க எழுநூத்து இருவத்தஞ்சு. அவ்ளோதான் சூடு."

"அதுக்கும் சட்டைக்கும் இன்னா சம்பந்தம்?"

"எழுநூத்து இருவத்தஞ்ச தொள்ளாயிரத்து எம்பதால வகுத்து, இருநூத்து நாப்பதால பெருக்குங்க சார்."

குமரேசன் செல்போனை எடுத்துத் தட்டினார். 177.55 என்று வந்தது. அவர் தலையை உயர்த்திச் சுவரில் இருந்த போர்டைப் பார்த்தார். ஜெயப்ரியா பெயருக்கு நேரே அவர் கையாலேயே எழுதியது: 178, 177, 178.

ஃபிரெடி ஏணி போட்டு ஒயரின் வழியைத் தேடினார். பதினோரு மேசைக்கும் தடித்த ஒயர். பிறகு சேர்த்த பன்னிரண்டாவது மேசைக்கு மட்டும், ஃபேனுக்கு இழுத்த மெல்லிய ஒயரிலேயே ஒட்டுப் போட்டிருந்தார்கள். இரண்டு தையல் மெஷின்களும் அதில்தான் ஓடின. ஒட்டுப் போட்ட இடத்தில் டேப் உருகி வழிந்திருந்தது.

"அயன்பாக்ஸுக்கு வர வேண்டிய சூட்ட ஒயரு தின்னுகினு கீது சார்," என்றார் மேலிருந்தபடியே. "தீப்பிடிக்காம இருந்ததே பெருசு."

மறுநாள் காலை மேசையை நகர்த்திப் புது ஒயர் போட்டார்கள். காலர் இரண்டே தேய்ப்பில் படிந்தது. சாயங்காலம் குமரேசன் எண்ணினார், சந்தேகத்தில் மறுபடி எண்ணினார், போர்டில் 246 என்று எழுதினார். பதினோராவது மேசை சுஜி கையைத் தட்ட, வரிசை முழுக்கத் தட்டியது.

"நாளைக்கு நேரத்தோட வந்துரு," என்றார் குமரேசன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

எல்லோரும் கிளம்பிய பின் சுஜியும் அவளும் மேசையைப் பழைய இடத்துக்குத் தள்ளப் போனார்கள். இத்தனை நாளும் மேசை மறைத்திருந்த சுவரில் சாக்பீஸ் எண்கள் இருந்தன. 177. 179. 178. மூன்று வெவ்வேறு கையெழுத்துகள்.

"இது மாளவிகா. இது பூவம்மா," என்று சுஜி விரலை வைத்துக் காட்டினாள். "கீழ இருக்கறது செல்லியம்மா அக்கா. சோம்பேறின்னு சொல்லி அனுப்ச்சாரு. இப்ப கேளம்பாக்கம் மார்க்கெட்ல மீன் விக்குது."

"அவங்க நம்பர் இருக்கா உங்கிட்ட? தப்பு அவங்க மேல இல்லன்னு சொல்லணும்."

சுஜி போனைத் தேடினாள். ஜெயப்ரியா மேசையைத் தள்ளாமல் சுவரருகே குனிந்தாள். செல்லியம்மாவின் வரிசை நீளமாக இறங்கியது. கடைசியில், மேலே இருந்த எல்லா எண்ணையும் தாண்டி 183 என்று எழுதி, அதற்குக் கீழே அழுத்தமாக இரண்டு கோடுகள் போட்டிருந்தாள். அதன் பிறகு சுவர் வெறுமையாக இருந்தது.