கை ராசியும் நைலக்ஸ் புடவையும்

கையில் ராசியில்லை என்று ஒருத்தியைச் சொல்லிவிட்டால் போதும், அப்புறம் பால் திரிந்தாலும் அவள் தலையில்தான் விடியும். என் தலையில் விடிந்தது ஓர் ஆம்ப்ளிஃபயர்.

அது எழுபத்தாறாம் வருஷம். என் வீட்டுக்காரர் ராகவேந்திரன் பாலிகஞ்சில் பேங்க் ஆபீசர். வீட்டுக்கு வந்தால் சால்டரிங் அயர்னும் கையுமாகத்தான் இருப்பார். என் வீணை பெரிய ஹாலிலும் கேட்க வேண்டுமென்று புரட்டாசியில் ஓர் ஆம்ப்ளிஃபயர் செய்தார். வீணைப் பலகையில் ஒட்டிய சின்ன மைக்கிலிருந்து ஒயர் வரும். அதன் முனையிலுள்ள பின்னை ஆம்ப்ளிஃபயரில் செருக வேண்டும், அவ்வளவுதான். மார்கழியில் நான் செருகினேன், செத்தது. சாந்தினி மார்க்கெட்டில் புது டிரான்சிஸ்டர் வாங்கிப் போட்டார். தமிழ்ச் சங்க ஒத்திகையில் எல்லாரும் பார்க்கச் செருகினேன். மறுபடியும் செத்தது.

மாடி வீட்டு ஜகதாம்பாள் மாமி அங்கேதான் இருந்தாள். நான் கல்யாணமாகிக் கல்கத்தா வந்த மாதமே என் மாமனாருக்குக் கால் முறிந்ததை மறக்காதவள். அவள் பெண் சாவித்திரிக்குத் தையில் வளைகாப்பு. கட்டடம் முழுக்க அழைத்துவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்தாள்.

"நீ வந்து சாப்பிட்டுட்டுப் போடி லக்ஷ்மி. வளையல் மட்டும் போட வேண்டாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழுகையும் வந்தது, அதை மாமிக்குக் காட்டுவேனா? இவரிடம்தான் காட்டினேன். இவரோ, டூப்ளிகேட் சரக்கைக் கொடுத்து ஏமாற்றிவிட்டான் என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார். திட்டுகிறவருக்கும் காபி வேண்டுமே. எவர்சில்வர் டம்ளரை நீட்டினேன். இவர் விரல் பட்டதும் சுளீரென்று ஒரு பொறி. பாதிக் காபி வேட்டியில்.

நான் அப்படியே நின்றேன். துர்கா பூஜை சமயத்தில் இதே பின்னை நான்தானே செருகினேன், ஒன்றும் ஆகவில்லையே! அப்போது வேர்த்துக் கொட்டியது, கட்டியிருந்தது பருத்திப் புடவை. இப்போது பனிக்காலம், காற்றில் ஈரமில்லை. செத்த இரண்டு தடவையும், இன்றைக்கும், இதே நைலக்ஸ் புடவை, மேலே கம்பளிச் சால்வை.

"ஏன்னா, என்னை ராசியில்லாதவள்னாளே, இந்தச் சால்வையை யாராவது ஒரு வார்த்தை சொன்னாளா?"

இவருக்கு அப்போதுதான் உறைத்தது. புடவையும் சால்வையும் உரசி உடம்பில் சேர்ந்த மின்சாரம், விரல் வழியாகப் பின்னில் பாய்ந்து, ஆம்ப்ளிஃபயரின் வாசலிலேயே உட்கார்ந்திருக்கும் டிரான்சிஸ்டரைப் பொசுக்கியிருக்கிறது. இரும்புக் குழாயைத் தொட்டுவிட்டு வந்தால் எல்லாம் இறங்கிவிடும் என்றார். போதாது என்றேன். நான் குழாயைத் தொட்டால் தோஷம் கழிக்கிறாள் என்றுதான் மாமி சொல்வாள். யார் எப்படித் தொட்டாலும் சாகாதபடி செய்து கொடுங்கள் என்றேன்.

செய்தார். பின் செருகும் இடத்துக்குப் பின்னால் ஒரு ரெசிஸ்டர், அதைத் தாண்டி இரண்டு டயோடு. மழைக்காலத்தில் எங்கள் தெருத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறாமலிருக்க வாசலைக் குறுக்கி, இரண்டு பக்கமும் வாய்க்கால் வெட்டிவிடுவது மாதிரிதான். அதிகமாக வருவது பக்கவாட்டில் வடிந்துவிடும். வீணையின் சன்னமான ஓசை மட்டும் உள்ளே போகும்.

பொங்கல் விழாவில், பின்னை வேறு யாராவது செருகட்டுமே என்றார் சங்கச் செயலாளர். மாட்டேன் என்றேன். அதே நைலக்ஸ், அதே சால்வை. இவர் முகம் வெளுத்துவிட்டது. சால்வையைத் தோளில் நன்றாக இழுத்துத் தேய்த்துக்கொண்டு, பின்னை விரலால் பிடித்தே செருகினேன். ஸ்பீக்கர் டப்பென்றது. முன்வரிசையில் மாமி "பார்த்தேளா" என்று ஆரம்பித்தே விட்டாள். நான் தந்தியை மீட்டினேன். கடைசி வரிசைவரை கேட்டது.

மறுநாள் மாமியே கீழே இறங்கி வந்தாள். மன்னிப்பா? மாமியாவது கேட்பதாவது! சுவரைப் பார்த்துக்கொண்டு, "சாவித்திரி முதல் வளையலை உன் கையாலதான் போட்டுக்கணும்கறா. எனக்கும் அப்படித்தான் தோணறது" என்றாள். என் கண் நிறைந்துவிட்டது, இந்தத் தடவை மறைக்க முடியவில்லை.

வளைகாப்பன்று சாவித்திரி கையை நீட்டினாள். வளையலை எடுத்தவள், தோளில் கிடந்த சால்வையைப் பார்த்ததும் கீழே வைத்தேன்.

"ஒரு நிமிஷம் மாமி, குழாயைத் தொட்டுட்டு வந்துடறேன். பிள்ளைத்தாச்சிப் பொண்ணு, தூக்கிவாரிப் போடக் கூடாது."

மாமி கூடத்தைத் திரும்பிப் பார்த்து, "வளையல் போடறவா எல்லாரும் தொட்டுட்டு வாங்கோ" என்றாள்.

குழாயடியில் பெரிய வரிசை நின்றது. முதலில் தொட்டது நான்தான், முதல் வளையல் போட்டதும் நான்தான்.